சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கிணறு

எங்கள் கட்டடத் தொழிலாளர் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவன். அளவு எழுதுவேன், ஆள் பெயர் எழுதுவேன். அதற்கு மேல் பழக்கமில்லை. முடியாது என்றுதான் சொன்னேன். போன மாசம் ஒன்று நடந்தது. அதனால் எழுதுகிறேன்.

முப்பத்தெட்டு வருஷம் உறை இறக்கினேன். சிமெண்டு உறை. கிணற்றுக்கும் அதுதான், கக்கூஸ் குழிக்கும் அதுதான். உறையைத் தரையில் வைத்து உள்ளே உட்கார்ந்து மண்ணை அள்ளணும். அள்ள அள்ள உறை தன் கனத்துக்கு இறங்கும். மேலே அடுத்த உறை வைக்கணும். கிணறு என்றால் தண்ணீர் உள்ளே வரணும். குழி என்றால் தண்ணீர் வெளியே போகணும். வித்தியாசம் அவ்வளவுதான். இப்போது முழங்கால் மடங்குவதில்லை. விட்டுவிட்டேன்.

தொழில் தங்கையா மேஸ்திரியிடம் படித்தேன். ஏழு வருஷம். முதல் மூன்று வருஷம் மண் சுமந்தேன், வேறு ஒன்றும் இல்லை.

மேஸ்திரி அதிகம் பேசமாட்டார். ஒரு மனைக்குப் போனால் முதலில் சுற்றி நடப்பார். என்ன முளைத்திருக்கிறது என்று பார்ப்பார். கோரை நின்றால் தண்ணீர் தேங்குகிற இடம். உமிரி நின்றால் உப்பு. அந்த வீட்டம்மா ரோசாச்செடி வைக்கணும் என்று சொன்னால், "தொட்டியில வெச்சுக்குங்கம்மா" என்பார், அதோடு சரி. பிறகு மண்ணை ஒரு முழம் தோண்டி எடுத்து நாக்கு நுனியில் வைப்பார். துப்புவார். அடுத்து மண்ணில் தண்ணீர் விட்டுப் பிசைந்து உள்ளங்கையில் கயிறு மாதிரி உருட்டுவார். அதை வளையலாக வளைப்பார். வெடிக்காமல் வளைந்தால் களி. உடைந்தால் கலப்பு மண். உருட்டவே வரவில்லை என்றால் மணல்.

கடைசியாகத் தண்ணீர். முழ ஆழக் குழியில் இரண்டு குடம் ஊற்றி மண்ணை ஊறவிடுவார். அது இறங்கின பிறகு இன்னொரு குடம். ஊற்றிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு குந்துவார். ஒரு வெற்றிலை மென்று துப்புவதற்குள் தண்ணீர் போனால் மணல். பொழுது சாயும் வரை நின்றால் களி. கடியாரம் பார்த்து நான் கண்டதில்லை.

காரைக்காலில் மண் ஒரே மண் இல்லை. கடலோரம் மணல். மேற்கே போகப் போகக் களி. நெடுங்காட்டில் சித்திரையில் போனால் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், கால் உள்ளே போகும். அதே மண் அடைமழைக்கு உப்பிக்கொண்டு எழும்பும். மேலோட்டமாக அஸ்திவாரம் போட்ட சுவர் இரண்டு மழைக்குள் விரிசல் விட்டுக்கொள்ளும். களியை எடுத்துவிட்டு ஆற்று மணல் போட்டுக் குத்தி, அதன் மேல்தான் கட்டணும். தென்னை வைக்கக் கடலோரத்துக்காரர்கள் நெடுங்காட்டு வண்டலை வண்டியில் கொண்டுவந்து குழியில் போடுவார்கள். நெடுங்காட்டுக்காரர்கள் கடற்கரை மணலைக் கேட்பார்கள். எந்த ஊருக்கும் சொந்த மண் போதாது.

நெடுங்காட்டில் ஒரு மிராசுதார் வீடு. கொல்லையில் குழிக்கு இடம் காட்டினார். மேஸ்திரி காலையில் தண்ணீர் ஊற்றினார். சாயங்காலம் தண்ணீர் அப்படியே நின்றது, தவளை ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. மேஸ்திரி கடப்பாரையைத் தரையில் படுக்க வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னய்யா உக்காந்துட்ட?"

"தண்ணி இறங்கட்டுங்க. இறங்கினதும் ஆரம்பிக்கிறேன்."

"எப்ப இறங்கும்?"

"அதை மண்ணைத்தாங்க கேக்கணும்."

மிராசுதார் திட்டினார். வேறு ஆள் கூட்டி வருவேன் என்றார். மேஸ்திரி எழுந்திருக்கவில்லை. மறுநாளும் வந்து கடப்பாரையைப் படுக்க வைத்து உட்கார்ந்தார். மூன்றாம் நாள் மிராசுதார், "சரி, நீ சொல்ற மாதிரியே செஞ்சு தொலை" என்றார். தரைக்கு மேலேயே மேடு கட்டி, கப்பிக்கல்லும் மணலும் போட்டு, வாழை வைத்துத் தண்ணீரை அதில் விட்டோம். இன்னும் இருக்கிறது.

அதுதான் மேஸ்திரியின் வழக்கம். இடம் தப்பு என்றால் வாதாட மாட்டார். கடப்பாரை படுத்துவிடும். நட்டு வைத்தால் வேலை உண்டு, படுத்தால் இல்லை. எங்கள் ஆட்களுக்கு அது தெரியும்.

குரும்பகரத்தில் ஒரு தடவை சிரிப்பாகப் போய்விட்டது. வாத்தியார் ஒருவர் வீடு. கக்கூஸுக்குத் தொட்டி கட்டிக் கொடுத்துவிட்டு, தண்ணீர் ரொப்பி வையுங்கள் என்று மேஸ்திரி சொன்னார். குடிபோகாத வீட்டில் எப்படிப் புழங்குவது என்று வாத்தியார் காலியாகவே வைத்துவிட்டார். ஐப்பசியில் மூன்று நாள் அடித்துப் பெய்தது. வாத்தியார் சைக்கிளில் ஓடி வந்தார்.

"மேஸ்திரி, தொட்டி எந்திரிச்சு உக்காந்திருக்கு!"

போய்ப் பார்த்தோம். ஒன்றரை அடி மேலே வந்து சாய்ந்து நின்றது. குழாய் முறிந்து கிடந்தது. கீழே நீர் ஏறினால் காலித் தொட்டி படகுதான்.

"காலி வயிறுங்க. எந்திரிக்காம என்ன பண்ணும்" என்றார் மேஸ்திரி. வாத்தியாரே சிரித்துவிட்டார்.

திரும்பி வரும்போது மேஸ்திரி சொன்னது நினைவிருக்கிறது. ஏழு வருஷத்தில் அவர் நீளமாகப் பேசியது அன்றுதான்.

"களி வாயாடிடா. தப்பு பண்ணினா ஊரைக் கூட்டிக் கத்தும். தண்ணி மேல நிக்கும், நாறும், சண்டை வரும். ஆனா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவாது. மணல் ஊமை. குடுத்ததெல்லாம் முழுங்கும். எங்க கொண்டுபோய்த் துப்பும்னு தெரியாது. மணலுக்குத்தான் பயப்படணும். கிணறு இருந்தா அம்பது அடி தள்ளு."

அவர் செத்த பிறகு என்னை மேஸ்திரி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கடற்கரைக்குப் போகிற ரோட்டில் ஒரு நகர். அங்கே செல்வமணி அக்கா வீடு. புருஷன் கப்பலுக்குப் போனவர், திரும்பவில்லை. தையல் மிஷின் வைத்து ஒரே பெண்ணை வளர்த்தவர். அந்த வீட்டுக் கிணறு நான் இறக்கியது. ஈசானி மூலையில் ஒன்பது உறை. ஐந்தாவது உறையில் ஊற்று பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கமெல்லாம் உப்பு. இந்த ஒரு கிணறு மட்டும் இளநீர். அதில் சோறு வடித்தால் பூவாக இருக்கும் என்று தெருவே சொல்லும். குழாய் வந்த பிறகும் குடிக்க அந்தத் தண்ணீர்தான். ஊற்று கண்ட அன்று முதல் டம்ளரை அக்கா எனக்குத்தான் கொடுத்தார்கள்.

பல வருஷம் கழித்து, கிழக்கே ஒட்டின மனையில் ஒருவர் வீடு கட்டினார். பிரான்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். நாங்கள் சொல்தா என்போம். தாராளமான மனுஷன், வேலையாட்களோடு உட்கார்ந்து டீ குடிப்பார். திருநள்ளாற்றிலிருந்து வாஸ்து பார்க்கிறவரைக் கூட்டிவந்து குழிக்கு இடம் குறித்திருந்தார். வாயு மூலை. சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தது.

கிணறு வடகிழக்கில் இருக்கணும். கழிவு வடமேற்கில் இருக்கணும். எல்லா வீட்டுக்கும் அதுதான் கணக்கு. ஒரு வீட்டுக்குள் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. இரண்டு வீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிழக்கு வீட்டு வாயு மூலையும் மேற்கு வீட்டு ஈசானி மூலையும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். யாரும் பார்ப்பதில்லை. அவரவருக்கு அவரவர் மூலை.

நான் அளந்தேன். வட்டத்திலிருந்து சுவருக்கு மூன்றடி. சுவரிலிருந்து அக்கா கிணற்றுக்கு ஐந்தடி.

"ஐயா, இங்க வேணாங்க. சொவத்துக்கு அந்தாண்ட கெணறு."

"அது அவங்க ஈசானி மூலை, இது நம்ம வாயு மூலை. ரெண்டும் சரியாத்தானேப்பா இருக்கு?"

"மண்ணு மணலுங்க."

"மணல்னா நல்லதுதானே. உறிஞ்சிடும்."

"முன்பக்கம் அக்கினி மூலையில வெச்சா தூரம் கெடைக்குங்க."

"அக்கினி மூலையில பீக்குழியா? எம்பொண்டாட்டி வீட்டுக்குள்ளயே கால் வெக்க மாட்டா."

"பிரான்சுல எந்த மூலைங்கய்யா?" என்று என் ஆள் ஒருவன் கேட்டான்.

"முப்பது வருஷம் எந்த மூலையில போனேன்னு எனக்கே தெரியாதுடா. அது வாடகை வீடு. இது சொந்த வீடு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சோதனைக் குழியில் தண்ணீர் ஊற்றினேன். சித்திரை மாசம். ஆற்றில் தண்ணீர் இல்லை, கீழே நீர்மட்டம் எங்கேயோ கிடந்தது. வெற்றிலையை மடித்து வாயில் வைப்பதற்குள் ஒரு குடமும் போய்விட்டது. சொல்தா கை தட்டினார். "பாத்தீங்களா மேஸ்திரி, என்னா குடி குடிக்குது!"

எங்கள் வேலை கோடையில்தான் நடக்கும். சோதனையும் கோடையில்தான். அந்த மண்ணுக்கு ஐப்பசியில் வேறு முகம். அது எனக்குத் தெரியும்.

தங்கையா மேஸ்திரி இருந்தால் கடப்பாரையைப் படுக்க வைத்திருப்பார். நான் நட்டேன்.

ஏன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பயமில்லை. வேலை இல்லாமலும் இல்லை. அந்த மனுஷனிடம் முகத்தை முறித்துக்கொள்ள மனசு வரவில்லை. அவ்வளவுதான் காரணம். ஒரு தடவை சொல்லியாச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

உறையில் ஓட்டை விட்டு இறக்குவோம், தண்ணீர் கசிந்து போக. மேற்குப் பக்கத்து ஓட்டைகளை மட்டும் சிமெண்டு வைத்து அடைத்தேன். அதனால் ஒன்றும் ஆகாது. அடியில் எல்லாம் மணல், எங்கேயும் போகும். தெரிந்தே அடைத்தேன். என் மனசுக்காக.

அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆவணியில் சொல்தா குடிவந்தார். ஐப்பசியில் அந்தத் தெரு வழியாகப் போனேன். அக்கா வாசலில் நின்று கூப்பிட்டார்கள். "தம்பி, வந்து இந்த வாழையப் பாத்துட்டுப் போ."

கிணற்றங்கரையில் ஒரு வாழை, வைத்து மூன்று வருஷமாகியும் ஆள் உயரம் எழும்பாமல் கிடந்தது. இப்போது கரும்பச்சையாக, தண்டு தொடை பருமன். அடியில் ஐந்தாறு கன்று.

"என்னா எரு போட்டீங்கக்கா?"

"ஒரு எருவும் போடல. எம்பொண்ணு வந்த நேரம்."

பெண் கலா கிணற்றில் வாளி விட்டுக்கொண்டிருந்தாள். ஏழாம் மாசம். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். இரண்டு கையும் கண்ணாடி வளையல். "புள்ளத்தாச்சி இழுக்காத, நான் இழுக்கறேன்" என்று அக்கா கயிற்றை வாங்கினார்கள். "போம்மா, இது கை எட்டற தண்ணிதான்" என்றாள் அவள். ஆமாம். தண்ணீர் மேலே வந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்துக் குழியிலும் அதே மட்டத்தில் நிற்கும்.

எனக்கு ஒரு டம்ளர் கொடுத்தாள். குடித்தேன். ருசி மாறவில்லை.

வாழையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. வாழை பொய் சொல்லாது. காய்ச்சிக் குடியுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் வந்து பக்குவமாகச் சொல்லலாம், சொல்தாவிடமும் பேசலாம் என்று நினைத்தேன். மழை. வேலை. போகவில்லை.

கார்த்திகையில் கலாவுக்குக் காமாலை வந்தது. பத்து நாள். ஆஸ்பத்திரியில் பெண்ணும் போனாள், வயிற்றுப் பிள்ளையும் போனது. கர்ப்பிணிக்குத் தண்ணீரால் வருகிற காமாலை வந்தால் பிழைப்பது கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாக யாரோ சொன்னார்கள். எங்கே என்ன தண்ணீர் குடித்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. வளைகாப்புக்கு வந்தவர்கள் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள் என்றார்கள். பிறகு வேறு பேச்சு வந்தது.

காரியம் முடிந்து அக்கா ஆள் அனுப்பினார்கள். கிணற்றைத் தூர் வாரணும், வீட்டில் எல்லாவற்றையும் கழுவணும் என்று. போனேன். தண்ணீரை இறைத்துவிட்டு உள்ளே இறங்கினேன். மூன்றாவது உறைக்கும் நாலாவது உறைக்கும் நடுவில், கிழக்குப் பக்கம், ஒரு கறுப்புக் கோடு. விரல் அகலம். அதிலிருந்து ஈரம் வழிந்துகொண்டிருந்தது. தொட்டு மோந்தேன். சந்தேகமில்லை. நான் பூசின இணைப்பு. நான் தோண்டின குழி. இரண்டுக்கும் நடுவில் எட்டடி மணல்.

துண்டால் கையை அழுந்தத் துடைத்தேன்.

மேலே வந்தேன். அக்கா கிணற்றுத் திட்டில் உட்கார்ந்திருந்தார்கள். "தண்ணி எப்படி இருக்கு தம்பி?"

"ஊத்து கெட்டுப்போச்சுக்கா. மூடிடுங்க."

அக்கா தலையாட்டினார்கள். தண்ணீரைப் பற்றி அதற்கு மேல் கேட்கவில்லை.

"நண்டு குடுத்தேன் தம்பி" என்றார்கள். "கேட்டா. ஆசையாக் கேட்டா. மார்க்கெட்டுல நல்ல நண்டா வாங்கியாந்து மெளகு போட்டு வெச்சேன். புள்ளத்தாச்சிக்கு நண்டு சூடுன்னு எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கேட்டாளேன்னு குடுத்தேன். அவ மாமியா வந்து எழவு வீட்டுல எல்லாருக்கும் முன்னாடி கேட்டாங்க. நண்டு குடுத்தே கொன்னுட்டியேன்னு."

நான் ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தேன். இல்லைக்கா என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். பிழிந்து தோளில் போட்டேன். மணல் கொண்டுவந்து கிணற்றை மூடினேன். மூன்று நாள் வேலை.

சொல்தாவிடம் மட்டும் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. ஒரு வாரத்தில் குழியை முன்பக்கம் அக்கினி மூலைக்கு மாற்றினோம். எந்த வாஸ்துக்காரரையும் கூப்பிடவில்லை, அவர் மனைவியும் வாய் திறக்கவில்லை. பழைய குழியைப் பாதி ரொப்பி மேலே பலகைக்கல் போட்டு மூடினோம். அதன் மேல் செம்பருத்தி வைத்தார். அப்புறம் என்னைக் கண்டால் எதிர்ப் பக்கம் போய்விடுவார். நானும் போய்விடுவேன்.

அதன் பிறகு குழி வேலைக்குப் போனால் முதலில் சுவர் ஏறி அந்தப் பக்கம் பார்ப்பேன். இரண்டு இடத்தில் கடப்பாரையைப் படுக்க வைத்தேன். வேறு ஆள் வந்து செய்தார்கள். அப்போது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தேன். மலரில் இடம் போதாமல் மற்றதை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள். உங்கள் மூலையை மட்டும் பார்க்காதீர்கள். சோதனையைக் கோடையில் செய்தால் மழையை நினைத்துச் செய்யுங்கள். மணல் சீக்கிரம் குடித்தால் சந்தோஷப்படாதீர்கள்.

சொல்தா இறந்துவிட்டார். பிள்ளைகள் பிரான்சிலிருந்து வந்து வீட்டை விற்றார்கள். வாங்கினவர் இடித்துக் கட்டுகிறார். போன மாசம் அந்த இன்ஜினியர் என்னைத் தேடி வந்தார். பழைய குழி எங்கே என்று தெரியணும், ரொப்பின குழி மேல் தூண் வந்தால் இறங்கிவிடும் என்றார். சரியான பேச்சு. போனேன்.

வீடு தரைமட்டம். சுவர் மட்டும் நின்றது, அதுவும் பாதி. செம்பருத்தியை வெட்டி, மண்ணைத் தள்ளி, கடப்பாரையால் தட்டிக் காட்டினேன். ஆட்கள் கல்லை நகர்த்தினார்கள். உறை தெரிந்தது. மேற்குப் பக்கம் நான் அடைத்த சிமெண்டு அப்படியே இருந்தது.

"என்ன தம்பி அங்க?"

செல்வமணி அக்கா. இடிந்த சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். தலை முழுக்க வெளுத்துவிட்டது. அவர்கள் கால் பக்கத்தில் மூடின கிணற்றின் திட்டு.

"பழைய குழிக்கா."

"என்ன குழி?"

"கக்கூஸ் குழி."

அக்கா குழியைப் பார்த்தார்கள். திட்டைப் பார்த்தார்கள். மறுபடி குழியைப் பார்த்தார்கள். அதிகம் படிக்காதவர்கள்தான். ஆனால் தையல்காரி. எட்டடி கண்ணால் அளக்கத் தெரியும்.

"எப்பத் தோண்டினது?"

"கலா வந்த வருஷம். சித்திரையில. நாந்தான் தோண்டினேன்."

"கெணறு மூடச் சொன்னியே."

"அதுக்குத்தான்கா. இதுலேருந்து அதுக்குப் போச்சு. அந்தத் தண்ணியாலதான். எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும்."

திட்டுவார்கள் என்று நின்றேன். மண்ணை வாரித் தூற்றினாலும் நியாயம். இன்ஜினியர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆட்கள் மண்வெட்டியை நிறுத்திவிட்டார்கள்.

அக்கா சுவர்ச் செங்கல்லைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அப்ப நண்டு இல்லையா?"

"இல்லக்கா."

"நெசமா சொல்றியா?"

"நெசமா. நண்டு ஒண்ணும் பண்ணல."

அக்கா மெதுவாகச் சொன்னார்கள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

"ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டா. கையை நக்கிக்கிட்டே இன்னும் இருக்காம்மான்னு கேட்டா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

"பதினாறு வருஷமா மார்க்கெட்டுல அந்தப் பக்கம் நடக்கறதில்ல தம்பி. நண்டுக்காரி கூப்பிட்டாக்கூடத் திரும்ப மாட்டேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நடந்திருப்பேன்ல."

உள்ளே போய்விட்டார்கள்.

இன்ஜினியர் புதுக் குழியை எங்கே வைக்கலாம் என்று கேட்டார். கை காட்டினேன். கடப்பாரையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். இனி எனக்கு எதற்கு.